பவளத்தின் வாட்டத்தை எதைக்கொண்டு அளப்பது? சிறிய குழுக்களுக்கு ஓர் ஒப்பீடு

சித்திரை வெயில் ஏறும்போது மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய பார்களில் (பவளத் திட்டுகளில்) கடல்நீர் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். காற்று விழுந்து தண்ணீர் அசையாமல் கிடக்கும் நாட்களில், ஓராள் ஆழம்கூட இல்லாத இடங்களில் சூடு இன்னும் கூடும். கோடையில் கொஞ்சம் பவளம் வெளிறுவதும் சூடு தணிந்தபின் தேறுவதும் இங்கே நடப்பதுதான். ஆனால் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் சூடு இறங்காமல் நீடித்தது. 2016இல் வளைகுடாவின் உயிர்ப்பவளப் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காட்டுக்குச் சரிந்தது.

இந்தக் கரையில் கல்லூரி விலங்கியல் துறைகள், முக்குளிப்புக் குழுக்கள், ஊர்ச் சங்கங்கள் என்று பலர் இப்போது பவளத்தைக் கண்காணிக்க முன்வருகிறார்கள். மகிழ்ச்சியான செய்தி. அவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "எந்தக் கருவி வாங்கலாம்?" என்பதைத்தான். செயற்கைக்கோள் தரவு, வெப்பப் பதிவி, அளவு நாடா, வண்ண அட்டை, ஒளிர்வுமானி, வெப்பத் தொட்டி, மரபணுச் சோதனை என்று தெரிவுகள் நிறைய. காசே இல்லாமல் கிடைப்பதும் உண்டு, பல லட்சம் கேட்பதும் உண்டு. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். சிறிய குழுவுக்கு வண்ண அட்டை, கேமரா, நீருக்கடியில் வைக்கும் வெப்பப் பதிவி, இந்த மூன்றும் போதும். மிச்சப் பணம் படகு வாடகைக்கும் டீசலுக்கும் போகட்டும். இதற்கான காரணங்களையும், எந்தச் சூழ்நிலையில் இந்த முடிவை மாற்றிக்கொள்வேன் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

வாட்டத்துக்கு ஒரு வரிசை உண்டு

பவளம் ஒரு விலங்கு. அதன் திசுவுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. ஒரு சதுர செ.மீ. பரப்பில் பத்து லட்சம் அளவுக்குப் பாசிச் செல்கள் இருக்கலாம். பவளத்துக்குத் தேவையான உணவில் பெரும்பங்கை இந்தப் பாசிதான் வெயிலைக் கொண்டு சமைத்துத் தருகிறது. நிறத்தில் பெரும்பகுதியும் பாசியுடையதே.

சூடு ஏறும்போது முதலில் தடுமாறுவது பாசியின் ஒளிச்சேர்க்கை. வெளிச்சத்தைப் பிடிக்கும் அமைப்பு நாள்தோறும் சேதமாகி நாள்தோறும் சீராவது இயல்பு. வெப்பமும் கடும் வெயிலும் சேரும்போது சேதம் முந்திக்கொள்கிறது, சீரமைப்பு பின்தங்குகிறது. செல்லுக்குள் ஆக்சிஜனின் நச்சு வடிவங்கள் சேரும். இந்தக் கட்டத்தில் வெளியிலிருந்து பார்த்தால் பவளம் நன்றாகத்தான் இருக்கும். அடுத்து, விலங்கு தன் பாசியை வெளியேற்றத் தொடங்குகிறது. பழுப்பு மெல்ல மெல்ல மங்கி வெளிர்மஞ்சளாகி, கடைசியில் வெள்ளையாகிவிடுகிறது. வெள்ளையாகத் தெரிவது உள்ளே இருக்கும் சுண்ணாம்பு எலும்புக்கூடு. அதன்மேல் திசு ஒளி ஊடுருவும் படலமாக இன்னும் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் சில வாரங்கள் பட்டினி தாங்கும். அதற்குள் சூடு இறங்கினால் மிச்சமிருக்கும் பாசி பெருகும், நிறம் திரும்பும். இறங்காவிட்டால் திசு கழன்று, வெறும் எலும்புக்கூட்டின்மேல் சில நாட்களிலேயே இழைப்பாசி படர்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் 'உயிர்ப்பவளப் பரப்பு' என்ற எண் குறைகிறது.

ஒளிச்சேர்க்கைத் தடுமாற்றம், நிறமிழப்பு, திசு இழப்பு, பரப்பு இழப்பு என்று வரிசை ஓடுகிறது. சந்தையில் கிடைக்கும் எந்தக் கருவியும் இவற்றில் ஒன்றிரண்டை மட்டும்தான் பார்க்கும். ஆகவே கருவியின் துல்லியத்தைப் பற்றிக் கேட்கும் முன்பு, அது எந்தக் கட்டத்தைப் பார்க்கிறது, அந்தக் கட்டத்தில் தகவல் கிடைத்தால் உங்கள் குழு அதை வைத்து என்ன செய்யும் என்று கேட்டாக வேண்டும்.

வானத்திலிருந்து பார்ப்பது

அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா உலகம் முழுவதற்கும் 5 கி.மீ. கட்டங்களாக நாள்தோறும் கடற்பரப்பு வெப்பநிலையை வெளியிடுகிறது. காசு கிடையாது. அதில் பவளத்துக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது, 'டிகிரி வெப்ப வாரம்'. ஓரிடத்தில் வழக்கமாக ஆண்டின் மிகச் சூடான மாதத்தின் சராசரி 30 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் குறைந்தது 1 டிகிரி மிஞ்சினால்தான் கணக்கு ஓடத் தொடங்கும். 31 டிகிரியில் ஒரு வாரம் நின்றால் 1, 32 டிகிரியில் ஒரு வாரம் நின்றால் 2. இப்படிக் கடந்த 12 வாரங்களுக்கும் கூட்டுகிறார்கள். 4ஐ எட்டினால் குறிப்பிடத்தக்க வெளிறலையும் 8ஐ எட்டினால் சாவையும் எதிர்பார்க்கலாம் என்பது அனுபவத்தில் கண்ட எல்லை. அண்மை ஆண்டுகளில் பல கடல்களில் எண்கள் 8ஐத் தாண்டி எங்கோ போய்விட்டதால், 2023 டிசம்பரில் எச்சரிக்கைப் படிகளையே 20 வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளிறல் அறிவிக்கப்பட்டது இந்தப் பின்னணியில்தான்.

இதை நாள்தோறும் பார்க்காமல் யாரும் கண்காணிப்பு நடத்த வேண்டாம். ஆனால் இது காட்டுவது பவளத்தின்மேல் விழும் சுமையை. பவளம் அதற்கு என்ன செய்தது என்பது இதில் வராது. அதோடு, நம் பார்களில் பெரும்பகுதி கரைக்கும் தீவுக்கும் அருகே, மிகக் குறைந்த ஆழத்தில் கிடக்கிறது. 5 கி.மீ. கட்டம் ஒன்று தீவையும் மணல்தரையையும் திறந்த கடலையும் சேர்த்து ஒரே எண்ணாக்கிவிடும்.

இன்னொரு பெரிய காரணமும் உண்டு. வெப்பம் ஒன்றுதான் பவளத்தைக் கொல்லும் என்ற எண்ணம் இந்தத் தரவைப் பார்த்துப் பார்த்தே பலருக்கு ஊறிவிடுகிறது. 2019 செப்டம்பர், அக்டோபரில் மண்டபம் பக்கத்துக் கடல் பச்சையாகத் திரண்டது. மீனவர்கள் 'பூங்கோரை' என்று சொல்லும் நாக்டிலூகா என்ற நுண்ணுயிரியின் பெருக்கம் அது. பெருகிய உயிரி செத்து அழுகும்போது நீரிலிருந்த ஆக்சிஜன் தீர்ந்துபோய், மீன்களோடு சேர்ந்து சிங்கில் தீவுப் பக்கத்தில் அக்ரோபோரா போன்ற வேகமாக வளரும் பவளங்களும் செத்தன. கோடை முடிந்து மாதங்களான பிறகு நடந்தது இது. டிகிரி வெப்ப வாரக் கணக்கை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அந்தச் சாவுக்கான தடயமே கிடைத்திருக்காது. ஆற்று வெள்ளம் கொண்டுவரும் நன்னீரும் வண்டலும் இதே வகை. பாரில் ஆள் இறங்கிப் பார்ப்பதற்கு மாற்றே இல்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான சான்று பூங்கோரைதான்.

செயற்கைக்கோளுக்குத் துணையாகப் பாரிலேயே வைக்கும் வெப்பப் பதிவி வேண்டும். தீப்பெட்டியளவுதான் இருக்கும், மாதக்கணக்கில் தானே பதியும், விலையும் கைக்கெட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஆழமில்லாத நீரில் வெயில் நேராக விழுந்தால் பதிவி தானே சூடாகி, நீரைவிடக் கூடுதலான எண்ணைக் காட்டும். ஒரு துண்டு வெள்ளை பிவிசி குழாய்க்குள் இருபக்கமும் திறப்பு விட்டுக் கட்டினால் போதும்.

நாடாவும் சட்டமும்

இருபது மீட்டர் நாடாவை விரித்து, அதன் கீழே எது எவ்வளவு இருக்கிறது என்று குறிப்பது உலகெங்கும் பழகிய முறை. மன்னார் வளைகுடாவுக்கு ஆண்டுவாரியாக நாம் சொல்ல முடிகிற பரப்பு எண்கள் இப்படித்தான் வந்தன. அவை இல்லாவிட்டால் 2016இன் இழப்பை யாரும் மெய்ப்பித்திருக்க முடியாது. பழைய எண்களோடு ஒப்பிட வேண்டிய பெரிய நிறுவனங்கள் இதைத் தொடரத்தான் வேண்டும். சிறிய குழு இதிலிருந்து தொடங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். வரிசையில் கடைசிக் கட்டத்தை மட்டுமே இது பிடிக்கிறது என்பது ஒரு காரணம். அளப்பவர் மாறினால் எண்ணும் மாறுவது இன்னொரு காரணம். சதுரச் சட்டம் வைத்துச் செங்குத்தாகப் படமெடுத்துச் சேமித்தால் இரண்டாவது குறை பெருமளவு தீரும். படத்தைப் பிறகு யாரும் மீண்டும் எண்ணலாம், கோரல்நெட் போன்ற தளங்களில் கணினியே பெரும்பங்கு வேலையைச் செய்துவிடும்.

வண்ண அட்டை

நெல் வயலில் இலை வண்ண அட்டையைப் பயிரின் இலையோடு ஒட்டிப்பிடித்து யூரியா போடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உழவர்களை நாம் அறிவோம். பவளத்துக்கும் அப்படி ஓர் அட்டை இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய கோரல்வாட்ச் திட்டத்தின் அட்டை அது. பி, சி, டி, இ என்று நான்கு நிறவரிசைகள். ஒவ்வொன்றிலும் 1 முதல் 6 வரை வெளிர்நிறத்திலிருந்து அடர்நிறம் வரை கட்டங்கள். ஒரு பவளத்தின் மிக வெளிறிய இடத்துக்கும் மிக அடர்ந்த இடத்துக்கும் பொருந்தும் கட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே பவளம் இரண்டு படியோ அதற்குமேலோ இறங்கினால், பாசியின் எண்ணிக்கையோ அதன் பச்சையமோ உண்மையாகவே மாறியிருக்கிறது என்று பொருள்.

இதைக் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்கும் ஆய்வாளர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்லும் குறைகள் பொய்யில்லை. கலங்கல் நீரில் நிறம் தவறும். ஆழம் கூடக்கூட நீர் சிவப்பை விழுங்கிவிடும் (நம் பார்களின் ஆழத்துக்கு இது பெரிய சிக்கல் இல்லை). சில பவளங்கள் வாடும்போது வெள்ளையாகாமல் பளிச்சென்ற ஊதாவாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறும். அந்த நிறங்கள் அட்டையில் கிடையாது, தனியாக எழுதிவைக்க வேண்டும். அட்டையும் வெயிலில் நாளடைவில் மங்கும். வீட்டு அச்சுப்பொறியில் நகலெடுத்தால் நிறம் மாறிப்போகும் என்பதால் அசல் அட்டையே வேண்டும்.

ஆனால் பழகிய கையில் அது தரும் தகவலின் மதிப்பு வேறு. கிளைப்பவளத்தின் நுனியில் அட்டையை வைக்கக் கூடாது. வளரும் நுனி எப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும், வாட்டத்தில் அல்ல. நுனியிலிருந்து கொஞ்சம் கீழே, நிழல் விழாத பக்கத்தில் வைக்க வேண்டும். உங்கள் உடலின் நிழலும் அட்டைமேல் விழக் கூடாது. இரண்டு பேர் ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் தனித்தனியே குறித்து, கரைக்கு வந்தபின் ஒப்பிட வேண்டும். முழுதும் வெண்மையான பவளத்தைக் கண்டால் முகமூடியை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். பவளத்தின் மேற்பரப்பிலுள்ள சிறு கிண்ணங்களின் விளிம்பில் பளபளப்பான படலமும் உள்ளிழுத்த உணர்கொம்புகளும் தெரிந்தால் அது உயிரோடு இருக்கிறது. கிண்ணத்தின் சுண்ணாம்பு முட்கள் கூராக, சொரசொரவென்று தெரிந்தால் திசு போய்விட்டது. நத்தை தின்றதாக இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். உயிருள்ளதும் திசு போனதும் தொலைவிலிருந்து பார்த்தால் ஒரே வெள்ளை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, யார் கையிலும் கொடுக்கலாம் என்பது. சின்னப்பாலம் போன்ற ஊர்களில் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, முகக்கண்ணாடி மாட்டிக்கொண்டு கடற்பாசி எடுக்கப் போகும் அக்காமார்கள் இருக்கிறார்கள். பாரின் ஒவ்வொரு பள்ளமும் அவர்களுக்குப் பழக்கம். கடந்த ஆண்டு எந்த மூலையில் பவளம் இருந்தது, இப்போது எங்கே இல்லை என்று அவர்களால் சொல்ல முடியும். அந்த அறிவு இதுவரை எந்தத் தரவுத்தாளிலும் ஏறவில்லை. அட்டை அதை ஏற்ற முடியும், அவர்கள் நேரத்துக்குக் கூலி கொடுத்து, அவர்கள் பெயரையும் அறிக்கையில் போட்டால். (வளைகுடாத் தீவுகள் அடங்கிய தேசியப் பூங்காவுக்குள் கடற்பாசி எடுக்கும் உரிமை பற்றிய வழக்கு நெடுநாளையது, அதை ஒரு கட்டுரையின் ஓரத்தில் பேசி முடிக்க முடியாது.)

பேம் (PAM) ஒளிர்வுமானி

இதுதான் கல்லூரிகள் அதிகம் ஆசைப்படும் கருவி. பாசியின்மேல் மிக மெல்லிய ஒளியையும், அடுத்து ஒரு கணநேரப் பேரொளியையும் செலுத்தி, பச்சையம் திருப்பி உமிழும் ஒளிர்வைக் கணக்கிடுகிறது. இரண்டு ஒளிர்வுக்கும் உள்ள வேறுபாட்டைப் பேரொளியில் கிடைத்த ஒளிர்வால் வகுத்தால் வருவதுதான் எஃப்வி/எஃப்எம். இருளில் ஓய்ந்திருக்கும் நல்ல பவளத்தில் அது பெரும்பாலும் 0.6 முதல் 0.7 வரை இருக்கும். ஒளிச்சேர்க்கை தடுமாறத் தொடங்கியதும், நிறம் மாறுவதற்கு முன்பே இந்த எண் இறங்கும். ஜெர்மனியின் வால்ஸ் நிறுவனம் முக்குளிப்பவர்கள் கையில் எடுத்துச் செல்லும் வடிவத்தை விற்கிறது. விலை பல லட்சம்.

முதல் கட்டத்தைப் பிடிப்பதில் இதற்கு ஈடு இல்லை. ஆனாலும் ஒரு சிறிய குழுவின் முதல் செலவாக இதை நான் ஏற்கவில்லை. நண்பகல் வெயிலில் நல்ல பவளத்திலும் இந்த எண் இறங்கி, இரவில் தேறிவிடும். எனவே கருப்புத் துணியால் மூடி அரைமணி நேரம் காத்திருந்தோ, இருட்டிய பிறகோதான் அளக்க வேண்டும். கண்ணாடி இழையின் முனைக்கும் பவளத்துக்கும் உள்ள தூரம் ஒவ்வொரு முறையும் ஒரேபோல் இருக்க வேண்டும். அலை தூக்கி எறியும் ஒரு மீட்டர் ஆழத்தில் அதைச் செய்து பாருங்கள், தெரியும். பூங்காப் பகுதியில் இரவு வேலைக்கு அனுமதி வாங்குவது தனிப் பாடு. அதைவிட அடிப்படையான குறை ஒன்று: இந்தக் கருவி பார்ப்பது பாசியை மட்டும். விலங்கின் நிலை அதற்குத் தெரியாது. வெளிறிய பவளத்தில் மிச்சமிருக்கும் சொற்பப் பாசி நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டிருக்க, பவளம் பட்டினியில் செத்துக்கொண்டிருக்கலாம்.

முன்கூட்டியே தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்பதும் கேள்விதான். சூடு ஏறுவது செயற்கைக்கோளிலும் பதிவியிலும் முன்னமே தெரிந்துவிடுகிறது. எண் 0.65இலிருந்து 0.55க்கு இறங்கியது என்று தெரிந்த அன்று நிழல்வலை கட்டவோ, பவள நாற்றங்காலை ஆழமான இடத்துக்கு மாற்றவோ வழியுள்ள குழுவுக்கு இந்தச் சில நாள் முன்னறிவு பொன். மற்றவர்களுக்கு அது ஆய்வுக்கட்டுரையில் ஒரு வரைபடம். அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் அதற்குக் கருவியைப் பெரிய நிறுவனத்திடம் இரவல் கேட்கலாம்.

வெட்டி எடுத்து அளப்பவை

பாசிச் செல்களை எண்ணுவது, பச்சையத்தைப் பிரித்தளப்பது, புரதம், மரபணு என்று ஆய்வகத்துக்குப் போகும் எல்லா வழிக்கும் முதல்படி பவளத்திலிருந்து ஒரு துண்டு வெட்டுவது. கல் பவளங்கள் 2001 முதல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே காப்பு. வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒரு விரற்கடைத் துண்டுகூட எடுக்க முடியாது. எடுக்கவும் கூடாது, சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே இந்த வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போயின. அப்படியிருக்க, 'ஆராய்ச்சிக்காகத்தானே' என்று யாரும் எளிதாகப் பேசுவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

அனுமதி பெற்று வெட்டுவதற்குத் தகுதியான கேள்வி ஒன்று உண்டு: எந்தத் தாய்ப்பவளம் சூடு தாங்கும்? மன்னார் வளைகுடாவில் 2000களின் தொடக்கத்திலிருந்து பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டி நட்டு வருகிறார்கள். நடுவதற்கு எந்தக் கொத்திலிருந்து துண்டு எடுப்பது என்பது அங்கே உண்மையான முடிவு. அதற்காகவே வந்தது சிபாஸ் (CBASS) எனப்படும் வெப்பத் தொட்டிச் சோதனை. 2020இல் செங்கடல் பவளங்களைக் கொண்டு இதன் நடைமுறையை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நான்கு சிறு தொட்டிகள். ஒன்று அந்த இடத்தின் கோடைச் சராசரியில், மற்றவை அதைவிட 3, 6, 9 டிகிரி கூடுதலாக. மூன்று மணி நேரத்தில் சூடு ஏற்றி, மூன்று மணி நேரம் நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் இறக்கி, இரவு முழுவதும் ஓய்வு விடுகிறார்கள். மொத்தம் 18 மணி நேரம். ஒளிச்சேர்க்கைத் திறன் பாதியாகக் குறையும் வெப்பநிலை எதுவோ அதுவே அந்தப் பவளத்தின் தாங்குதிறன் எண். ஒரே நாளில் பல தாய்க்கொத்துகளை வரிசைப்படுத்திவிடலாம்.

நடவுப் பணி செய்யும் அமைப்பு என்றால் நான் என் பட்டியலைத் திருப்பிப் போட்டு, இதை முதலில் வைப்பேன். ஆனால் 18 மணி நேரச் சோதனையைத் தாங்கும் பவளம் ஆறு வாரச் சூட்டையும் தாங்கும் என்பது எப்போதும் பொருந்தும் விதியல்ல. முதலிடம் பிடித்த கொத்துகளைப் பாரிலேயே ஒரு கோடை முழுவதும் பின்தொடர்ந்து பார்த்துத்தான் நம்ப வேண்டும். அதற்கும் மறுபடி அட்டையும் கேமராவும்தான். நடைமுறைச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது: கடற்கரை ஊர் மின்வெட்டு. நடுவில் பத்து நிமிடம் மின்சாரம் போனாலும் அன்றைய சோதனை வீண். இன்வெர்ட்டர் விலையையும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும்.

மரபணு ஆய்வைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அமெரிக்க சமோவாவின் ஓஃபு தீவில், வற்று நேரத்தில் 35 டிகிரி வரை சூடேறும் குளங்களில் வாழும் பவளங்கள், வெப்பத்தை எதிர்கொள்ளும் மரபணுக்கள் சிலவற்றை முன்கூட்டியே இயங்கும் நிலையில் வைத்திருக்கின்றன என்று கண்டறிந்தது பெரிய சாதனை. அந்த அறிவு உலகத்துக்கே உரியது; அதைச் செய்யும் வசதி சிறிய குழுக்களுக்கு உரியதல்ல. உருண்டைப் பவளத்தைத் துளையிட்டு ஆண்டு வளையங்களைப் படிப்பதும் அப்படியே. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டில் 328 போரைட்டஸ் பவளங்களை அப்படிப் படித்துத்தான், 1990க்குப் பிறகு சுண்ணாம்பு படிவது 14 விழுக்காடு குறைந்தது என்று 2009இல் சொன்னார்கள். கடந்த நூற்றாண்டைப் படிக்க அது நல்லது, இந்தக் கோடைக்கு உதவாது.

நான் தேர்வது, அதைச் செய்யும் விதம்

வெளிறலை அளப்பதில் இங்கே பெரும்பாலும் விட்டுப்போவது முன்னும் பின்னும். மே மாதம் வெள்ளையைக் கண்டதும் எல்லோரும் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். அந்தப் பவளம் பிப்ரவரியில் எந்த நிறத்தில் இருந்தது என்று தெரியாது. செப்டம்பரில் அது பிழைத்ததா என்றும் தெரியாது. இயல்பான ஆண்டிலும் கோடையில் பாசியின் எண்ணிக்கை கொஞ்சம் குறைவதுதான் வழக்கம் என்பதால், அந்த முன்னெண் இல்லாமல் எந்த விலையுயர்ந்த கருவியின் அளவும் பாதிப் பொருள்தான் தரும்.

அதனால் தை, மாசியிலேயே தொடங்குங்கள். இரண்டு மூன்று இடங்களில் ஒவ்வொன்றிலும் முப்பது நாற்பது பவளக் கொத்துகளைத் தேர்ந்து, அருகிலுள்ள செத்த பாறையில் எண்ணிட்ட தகடு அடித்து அடையாளம் வையுங்கள். உயிர்த் திசுவில் எதையும் கட்ட வேண்டாம். அக்ரோபோரா, மோண்டிபோரா, போசிலோபோரா போன்று விரைவில் வாடும் வகைகளும், போரைட்டஸ் போன்ற தாங்கும் உருண்டை வகைகளும் கலந்திருக்க வேண்டும். தாங்கும் வகை மட்டும் இருந்தால் எல்லாம் நலம் என்று தோன்றும், வாடும் வகை மட்டும் இருந்தால் எல்லாம் போயிற்று என்று தோன்றும். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கொத்துக்கும் அட்டை எண், அளவுகோல் தெரிய ஒரு படம், உயிருள்ள பங்கு எத்தனை விழுக்காடு, வெளிறியது எத்தனை, புதிதாகச் செத்தது எத்தனை என்ற மதிப்பீடு. கொத்தைச் சுற்றி வண்டல் படிந்திருக்கிறதா, நீர் பச்சையாக இருக்கிறதா என்று ஒரு வரி. இவ்வளவுதான் தாள்.

மாதம் ஒரு முறை போதும். செயற்கைக்கோள் கணக்கு ஓடத் தொடங்கியதும் வாரம் ஒரு முறை.

கடினமான பகுதி அதற்குப் பிறகு வருகிறது. வெளிறிய பவளம் சாகிறதா தேறுகிறதா என்று தெரிவது ஜூன், ஜூலை, ஆகஸ்டில். அப்போதுதான் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசி வளைகுடாப் பக்கம் கடல் கலங்கிக் கிடக்கும். கையெட்டும் தூரம்கூடத் தெரியாத நாட்கள் தொடர்ந்து வரும். முக்கியமான எண் எடுக்க வேண்டிய நேரத்தில் கடல் இடம் கொடுக்காது. பணத்தைப் படகுக்கு ஒதுக்குங்கள் என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான். காற்று ஓயும் ஒரு காலைப்பொழுதுக்காகப் படகையும் ஆட்களையும் தயாராக வைத்திருந்து, போய்த் தெளிவில்லாமல் திரும்பி, மறுபடி போவதற்குச் செலவாகும். எந்த நாளில் தெளிவு வரும் என்பதைப் படகுக்கார அண்ணன்மார்களைக் கேட்டு நடப்பது எந்த முன்னறிவிப்புச் செயலியையும்விட நல்லது.

வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வெட்டாமல் வெறுமனே பார்ப்பதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகலாம் என்பதால் ஐப்பசியிலேயே விண்ணப்பம் போட்டுவிடுவது நல்லது. அனுமதி தாமதமானால், மண்டபத்துக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே பாக் விரிகுடாப் பக்கம் கரையை ஒட்டியுள்ள பார்களில் பயிற்சியைத் தொடங்கலாம். அங்கேயும் பவளத்தைத் தொட உரிமை இல்லை; ஆனால் கரையிலிருந்தே நீந்திப் போகலாம், கச்சான் காலத்தில் அந்தப் பக்கம் அமைதியாகவும் இருக்கும். வாடைக் காற்று தொடங்கினால் நிலைமை தலைகீழ்.

இரண்டு கோடைகள் இப்படித் தாளை நிரப்பிய குழு, அடையாளமிட்ட கொத்துகளில் எவை ஒவ்வொரு முறையும் தாங்கின, எவை முதலில் விழுந்தன என்று சொல்லும் நிலையில் இருக்கும். அப்போது ஒளிர்வுமானிக்கோ வெப்பத் தொட்டிக்கோ பணம் கேட்டு விண்ணப்பித்தால், எந்தக் கொத்தை அளக்கப் போகிறோம், எதற்காக என்று முதல் பக்கத்திலேயே எழுத முடியும்.